கல்விச்சாலைக் குடத்தில் வந்த ஒற்றை ஓலை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டும் யாரும் சரியாகச் சொல்லாத ஒரு நாட்டில், நகரசபைக்கு ஆள் எடுக்கக் குடவோலை வைப்பார்கள். தெருவுக்கு ஒரு குடம். பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிப் போட வேண்டும். குலுக்கி ஒன்றை எடுத்தால், அதில் உள்ளவரே அங்கத்தினர். அரசாங்கக் கல்விச்சாலைக்கும் ஒரு குடம் உண்டு. அது மட்டும் ஆண்டுதோறும் காலியாகவே வரும். இருநூறு மாணவர்களும் பந்தாடப் போய்விடுவார்கள்.

ஒருநாள் அரசர் தம் விகடகவியை அழைத்தார். "கொன்றையப்பா, இந்த மாதத்துக்குள் அந்தக் குடம் நிரம்ப வேண்டும்!"

அவன்மேல் பொறாமை கொண்ட மந்திரி மழவராயர் குறுக்கிட்டார். "தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுவான், அரசே. மாணவர் எழுதிய ஓலையால் நிரம்பட்டும். சபையைப் பற்றி அவர்களிடம் அவன் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. தோற்றால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

குடவோலை நாளன்று கல்விச்சாலைக் குடத்தில் ஒரே ஓர் ஓலை இருந்தது. "பொதியன்" என்று படித்தார் கணக்கர்.

"யார் அது?"

"கல்விச்சாலைக்குத் தண்ணீர் சுமக்கும் கழுதை, அரசே" என்றான் கொன்றையப்பன். "எழுதியது அடியேன்."

"மாணவன் அல்லாதவன் எழுதியது செல்லாது!" என்று கத்தினார் மந்திரி.

"நேற்றே சேர்ந்துவிட்டேன், மந்திரியாரே. அரிச்சுவடியில் 'ஈ' வரைக்கும் வந்தாயிற்று."

அங்கத்தினர் மனிதராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கழுதை சபையில் வந்து நின்றது.

மந்திரிக்கு மாணவர்களின் பந்துத் திடல்மேல் வெகுநாளாக ஒரு கண். உடனே எழுந்தார். "அத்திடலை என் வாழைத் தோட்டத்தோடு சேர்க்கலாமா? கல்விச்சாலை அங்கத்தினருக்கு மறுப்பு உண்டா?"

பொதியன் காதில் உட்கார்ந்த ஈயை ஓட்டியது.

"மறுப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டார் கணக்கர்.

மறுநாள் திடலைச் சுற்றி வேலி. மாணவர்கள் பந்தும் கையுமாகச் சபைக்கு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் வஞ்சி, வகுப்பிலேயே பெரிய வாயாடி.

"யாரைக் கேட்டு வேலி போட்டீங்க?"

கொன்றையப்பன் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கழுதையைக் காட்டினான்.

"உங்கள் அங்கத்தினரைக் கேட்டுத்தான்" என்றார் கணக்கர். "உங்கள் குடத்தில் வந்தது இவர் பெயர் ஒன்றுதான்."

வஞ்சி திரும்பினாள். "டேய், உங்கள்ல ஒருத்தன்கூடவா ஓலை போடல?"

"நீ போட்டியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தாள். பிறகு அரசரைப் பார்த்துச் சொன்னாள்: "மறுபடி குடம் வைங்க, மகாராஜா. இந்தத் தடவை நாங்க இருக்கோம்."

அடுத்த வாரமே அரசர் வைத்தார். இருநூறு ஓலைகள். குடம் போதாமல், சமையற்கட்டு அண்டாவைக் கொண்டுவர வேண்டியிருந்தது. குலுக்கி எடுத்ததில் வஞ்சியின் பெயர் வந்தது. அவள் இருக்கையில் உட்காரக்கூட இல்லை. "முதல்ல வேலி!" என்றாள். பிடுங்குவதற்கு ஆள் அனுப்பப்பட்டது.

"அரசே, இவன் ஏதோ பேசியிருக்கிறான்!" என்று துடித்தார் மந்திரி.

"நான் பேசவில்லை, மந்திரியாரே. கழுதையும் பேசவில்லை. பேசியது நீங்கள் ஒருவர்தான்."

அரசர் கிரீடம் சாயச் சாயச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டு, "வேறென்ன வேண்டும், கேள்" என்றார்.

"பதவி இழந்த பொதியனுக்கு ஒரு கட்டுப் புல், அரசே. இருந்த ஒரு வாரத்தில் அது யாரையும் உதைக்கவில்லை."