பின்பக்கத்து ஃபேன்

பலவேசத்தின் கை பட்டால் ஓடுகிற எதுவும் நின்றுபோகும் என்று முதன்முதலில் சொன்னவன் ஜெயக்கொடி.

முதலாளிக்கு முன்னால் வைத்துச் சொன்னான். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னான். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பலவேசம் மறக்கவில்லை.

உப்பளத்து ரோட்டில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடை அது. பகலுக்குப் பலவேசம், இரவுக்கு ஜெயக்கொடி. லாரி மேடையில் ஏறினால் எடை கம்ப்யூட்டரில் தெரியும், சீட்டு அச்சாகி வரும்.

பங்குனி பிறந்ததிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் நடுப்பகலில் தானாக அணைந்தது. மேடையில் லாரி நிற்கும். பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்கும். திரை கறுத்துக் கிடக்கும்.

இரவில் ஒரு நாளும் அணையவில்லை.

"இன்னொரு தடவை நின்னா நீரு வீட்டைப் பாத்துப் போயிரும்," என்றார் முதலாளி.

பலவேசத்துக்கு வீடு கிடையாது. அறுபத்தொரு வயதில் அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பாயும் ஒரு தகரப்பெட்டியும். இரண்டும் எடைமேடை அறையின் பின்மூலையில்தான் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு, டவுனில் ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர், இப்போது பழுதும் பார்க்கிறார். பலவேசத்தைவிட இருபது வயது சின்னவர். அதிகம் பேசாதவர் என்று பெயர்.

"டீச்சரம்மா, என் கை ராசியை மாத்த முடியுமா?"

"பெட்டியை மேஜையில வைங்க, அண்ணாச்சி."

வைத்தார். வைத்ததும் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

டீச்சர் வயரைச் செருகினார். கம்ப்யூட்டர் ஓடியது.

"நல்லா ஓடுதே."

"நான் பக்கத்துல இருந்தா நின்னுரும்."

"அப்போ பக்கத்துலயே உக்காருங்க."

உட்கார்ந்தார். ஓட்டு வீட்டுக்குள் சித்திரை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜெயக்கொடி ஷிப்டுல நிக்காது, டீச்சரம்மா. என் ஷிப்டுல மட்டும்தான் நிக்கும்."

"உங்க ஷிப்டுல உங்ககூட வேற யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல."

"வெயில் இல்லையா?"

பலவேசம், ஜெயக்கொடி டீ குடித்துக்கொண்டே சொன்னதை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

"நாலு தடவை சொல்லிட்டீங்க, அண்ணாச்சி."

"அவன் ஒரு தடவைதான் சொன்னான். எனக்குத் தினமும் கேக்குது."

அப்போது பெட்டிக்குள் அந்தச் சத்தம் எழுந்தது. முதலில் வண்டு மாதிரி. பிறகு தூரத்தில் சங்கு ஊதுகிற மாதிரி. பலவேசம் எழுந்துவிட்டார். எடைமேடையிலும் இப்படித்தான். இந்தச் சத்தம் வந்தால், கொஞ்ச நேரத்தில் இருட்டு.

"அணைச்சிருங்க, டீச்சரம்மா. வெடிச்சிரப் போவுது."

டீச்சர் அணைக்கவில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்து அவரிடம் நீட்டினார்.

"புகையைப் பின்பக்கத்து ஃபேன்கிட்ட காட்டுங்க."

"நானா? என் கையாலயா?"

"எனக்கு வேற வேலை இருக்கு."

சுருளை வாங்கினார். காட்டினார். பின்பக்கத்து ஃபேன் புகையை உள்ளே இழுத்தது.

"முன்பக்கம்?"

முன்பக்கத்து வலையிலும் புகை உள்ளேதான் போகப் பார்த்தது. பாதி போனது, பாதி சுவரில் முட்டியதுபோல் திரும்பியது.

"சரி. உள்ள போனதெல்லாம் எங்க வெளிய வருது?"

பலவேசம் மேஜையைச் சுற்றி வந்தார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் குனிந்தார். கடைசியில் பின்னால், கரண்ட் வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்.

"இங்க வருது, டீச்சரம்மா. நூல் மாதிரி."

"இவ்வளவு சூடும் அந்த நூல் வழியாத்தான் வரணுமா?"

பலவேசம் வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் அணைந்தது.

அவர் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். டீச்சர் வயரைப் பிடுங்கினார். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள்மேல் ஒட்டியிருந்த அகலமான டேப்பை நகத்தால் கீறி எடுத்தார்.

"இது யாரு ஒட்டினது?"

"நான்தான். உப்புத் தூசி உள்ள போயிரக் கூடாதுன்னு."

டீச்சர் முன்பக்கத்து வலையைத் தட்டினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"இது?"

"சந்தனம். ஆயுத பூசைக்கு வச்சேன். நிக்க ஆரம்பிச்ச பிறகு பயந்துபோய் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வச்சேன்."

"நெத்தின்னு நினைச்சு மூக்குல வச்சிருக்கீங்க, அண்ணாச்சி."

பெட்டியைத் திறந்து, ஒரு திருப்புளியை அவர் கையில் வைத்தார்.

"பின்பக்கத்து ஃபேனைக் கழத்துங்க."

"நான் தொட்டா..."

"கரண்டு இல்ல. நின்னு போன பெட்டியை நீங்க இன்னும் எப்படி நிறுத்துவீங்க?"

நாலு திருகாணி. நாலுக்கும் வியர்த்தார். மூன்றாவதில் கை தானாகவே பழகிய பக்கம் திரும்பியது. பலவேசம் அப்படியே நின்றார்.

"இதைப் பொங்கலுக்கு நான்தான் கழத்தினேன். துடைச்சு மாட்டினேன்."

டீச்சர் ஃபேனை எட்டிப் பார்த்தார்.

"அப்போ இது வெளிய பாத்துல்ல இருந்துச்சு. இந்த ஃபேன் என்னத்துக்கு ரோட்டுக்குக் காத்து வீசுதுன்னு உள்ள பாத்துத் திருப்பி வச்சேன். காய்ச்சல்காரனுக்கு ஃபேனை அவன் பக்கம்தான திருப்புவோம்?"

"காய்ச்சல்காரன் படுத்திருந்த ரூமுல ஜன்னல் திறந்திருந்துச்சா?"

கொசுவர்த்தி பாதி எரிந்திருந்தது.

"டீச்சரம்மா." குரல் கீழே இறங்கியது. "அப்போ ஜெயக்கொடி சொன்னது நெசமா? என் கைதானா?"

"உங்க கைதான்," என்றார் டீச்சர். "திருப்பி மாட்டுங்க."

"எந்தப் பக்கம்னு இங்கிலீசுல எழுதியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது."

"ஓரத்துல அம்புக்குறி போட்டிருக்கு. அம்புகூடவா தெரியாது?"

அம்பு வெளியே பார்க்கும்படி மாட்டினார்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரை. மேடையில் உப்பு லாரி. பின்னால் ஏழு லாரி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

இரவு ஷிப்டுக்காரனுக்குப் பகலில் அங்கே வேலையில்லை. ஆனாலும் ஜெயக்கொடி வந்தான். வாசலில் சாய்ந்தான்.

"என்னவே, பெட்டிக்கு இன்னும் உசிரு இருக்கா?"

"இருக்கு."

"உம்ம கை படலையோ?"

அந்த நேரத்தில்தான் பலவேசத்தின் முழங்காலில் ஏதோ பட்டது. குனிந்து கையை வைத்துப் பார்த்தார். பெட்டியின் பின்னாலிருந்து சுடுகாற்று. அடுப்படிக் காற்று போல, நிற்காமல் வந்தது. உள்ளே ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார். பாய் தெரிந்தது. தகரப்பெட்டி தெரிந்தது. ஜெயக்கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை அமுக்கினார்.

"டீச்சரம்மா, பின்னால சூடா வருது. ரொம்பச் சூடா வருது."

"வெளியவா வருது?"

"வெளியதான்."

"வரட்டும்," என்றார் டீச்சர். போனை வைத்துவிட்டார்.

பலவேசம் போனைச் சட்டைப்பையில் போட்டார். லாரிக்காரன் சீட்டு கேட்டான். சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தார். அடுத்த லாரி ஏறியது.

பிறகு திரும்பினார்.

"ஏலே ஜெயக்கொடி. நீ முதலாளி முன்னால வச்சு என் கையைப் பத்திச் சொன்ன. அன்னையில இருந்து நான் இந்தக் கையால சோறு அள்ளும்போதெல்லாம் பயந்திருக்கேன். ஃபேனைத் தப்பா மாட்டினது நான். அதைச் சரியா மாட்டினதும் நான்தான். நீ எனக்கு ஒரு வார்த்தை பாக்கி."

இரண்டு மாதத்தில் அவனிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

"என்ன வார்த்தைவே?"

"அதை நீதான் சொல்லணும்."

ஜெயக்கொடி லாரியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். டீக்கடைப் பக்கம் நடந்தான்.

பலவேசம் உட்கார்ந்தார். மூச்சு விட்டார். அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.