படகை மூழ்கடித்துக் கற்ற சொல்

இந்தக் கதையைப் பதினாறு வருடமாக நம்பவும் முடியவில்லை, பொய் என்று தள்ளவும் முடியவில்லை. சொன்னவர் தில்லைக்கண்ணு. பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும். அவர் மேல் அப்படியொரு பழியைப் போட யாருக்கும் மனசு வராது.

கழிமுகத்துத் துறையில் தில்லைக்கண்ணு, வேம்பு, கலியன், ஆரோக்கியம் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே படகு. இனி வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள், படகுக்காரர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. புதன்கிழமை அதிகாரி வந்து, படகில் உட்கார்ந்து அக்கரை வரை போய்ச் சோதிப்பார். தேறாதவர்களுக்குத் துறையில் இடம் கிடையாது.

படகை விட்டால் தில்லைக்கண்ணுவுக்கு வேறு பிழைப்பு தெரியாது. சந்தைக்கு ஓடி ஒரு சொற்புத்தகம் வாங்கிவந்தார். சொல், அதன் பொருள், பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். முதல் பக்கத்திலேயே கண்டிப்பாகப் போட்டிருந்தது: 'மனப்பாடம் செய்யாதீர்கள். வாக்கியத்தை வாழ்ந்து பாருங்கள்.'

திங்கட்கிழமைச் சொல் 'ஆங்ரி'. கோபம். 'என் மாமா கோபமாக இருக்கிறார்.'

நாலு பேரில் கலியனுக்குத்தான் மாமா உயிரோடு இருந்தார். ஏழு மைல் நடந்து போனார்கள். மாமாவோ மருமகனைக் கண்ட சந்தோஷத்தில் நண்டுக் குழம்பு வைத்துப் போட்டார்.

"இந்த ஆளு இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருந்தா நாம எப்படா படிக்கிறது?" என்று வேம்பு நொந்துகொண்டான்.

மூன்றாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டபின், தில்லைக்கண்ணு எழுந்து போய் மாமாவின் ரேடியோவைக் கிணற்றில் போட்டார். மாமா விறகுக் கட்டையோடு துரத்தினார். "மை அங்கிள் ஈஸ் ஆங்ரி!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். பாடம் நன்றாகப் பதிந்தது, முதுகில்.

செவ்வாய்க்கிழமைச் சொல் 'ஆப்சென்ட்'. 'இன்று ராமு வரவில்லை.' ராமு என்று யாரும் இல்லை. வேம்புவுக்கு அந்தப் பெயரை வைத்துத் தென்னந்தோப்புக்கு அனுப்பினார்கள்.

"அண்ணே, பாடம் இங்க நடக்குது, அவன் அங்க நிக்கிறான். அவன் எப்படிப் படிப்பான்?" என்றான் ஆரோக்கியம்.

நியாயம்தானே? நாலு பேரும் ராமு ஆனார்கள். நாலு பேரும் தோப்புக்குப் போனார்கள். பொழுது சாயும்வரை ஆளுக்கொரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு, ராமு வரவில்லை என்று துறையில் யாராவது சொல்கிறார்களா எனக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை. சொல் 'சிங்க்'. மூழ்குதல். 'எங்கள் படகு மூழ்குகிறது.'

தில்லைக்கண்ணு படகைத் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துப் படகை முக்கிக்கலாமாண்ணே?" என்று கேட்டான் கலியன்.

"எங்கள் படகுன்னுல்ல போட்டிருக்கு? அதிகாரி வர்ற நாளும் அதுவுமா பொய் பேசச் சொல்றியா?"

"அப்ப நம்ம படகு?"

"மூழ்கினா தண்ணிக்குள்ளதான்டா கெடக்கும். இங்கிலீஷ் வரலேன்னா துறையே போயிடும்."

ஒரு பெருமூச்சோடு அடிப்பலகைத் தக்கையைப் பிடுங்கினார். நீர் நன்றாகப் பெருகியிருந்த நேரம். படகு கரையோரமாகவே சேற்றில் போய் உட்கார்ந்தது.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "வேர் ஈஸ் யுவர் போட்?" என்றார். மார்பளவுத் தண்ணீரில் நின்ற நால்வரும் அன்றைய வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அன்று துறையில் வேறு எவனும் முழு வாக்கியம் சொல்லியிருக்கவில்லை. அதிகாரி பூரித்துப்போனார். அவர் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நடத்துகிறவர். பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, படகைக் காலால் தேடி, கையிலிருந்த ஃபைலைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் தாடையைத் தொட்டது. நால்வரும் துடுப்புப் போட்டார்கள்.

"நகருதாய்யா?"

"கெட்டியாப் புடிச்சுக்குங்க ஐயா, வேகமாப் போறோம்."

மூன்று மணி நேரம் போட்டார்கள். அதற்குள் கடல் உள்வாங்க ஆரம்பித்தது. நீர் தாடையிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து இடுப்புக்கும் இறங்கியது.

"ஆழம் கொறையுது ஐயா! கரை நெருங்கிடுச்சு!"

கடைசியில் சுற்றிலும் சேறு தெரிந்தது. அதிகாரி சேற்றில் குதித்து, "அக்கரை சேர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிரே தன் ஜீப் நிற்பதைக் கண்டு, "நமக்கு முன்னாடியே சுத்தி வந்துட்டானே!" என்று டிரைவரைத் தட்டிக்கொடுத்தார்.

இதுவரைக்கும் எப்படியோ நம்பிவிடலாம். மிச்சம்தான் இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் தில்லைக்கண்ணுவைத் துறையில் பார்த்ததும் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்:

"எல்லாம் சரிண்ணே. அந்த மனுஷன் இக்கரைக்குத் திரும்பி வந்தது எந்தப் படகுல?"