முப்பது நிமிட நீராவி

ஒரே பகலில் மூன்று பேர் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். மூவருக்கும் நடுவில் கிடந்தது என் மகனின் உயிர். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செய்யாறு பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நான் தொட்டி கழுவினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. என்றாலும் அங்கே என்ன நடக்கிறது என்று எல்லாரையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காரணம் என் மகன் குணாளன். பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாது. உறைய வைக்கும் புரதம் ஒன்று அவன் உடம்பில் ஊறுவதில்லை. அந்தப் புரதத்தைத்தான் நாங்கள் செய்தோம். மனித உடம்பில் அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்து வெள்ளெலியின் செல்லுக்குள் புகுத்திவிடுவார்கள். அந்தச் செல் எஃகுத் தொட்டியில் கோடி கோடியாகப் பெருகி, தனக்கு உதவாத நம் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, சின்னக் குப்பிகளில் அடைத்து, பொடியாக உலர்த்துவார்கள்.

சூடு பட்டால் புரதம் கெட்டுவிடும். அதனால் மருந்தை வேகவைக்க முடியாது. அது போகிற குழாயை முன்கூட்டியே நீராவியால் வேகவைப்பார்கள். முப்பது நிமிடம், ஒரே மூச்சில். நடுவில் ஆவியின் அழுத்தம் விழுந்தால், மறுபடி முதல் நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். அடைத்து முடிந்த பிறகு, நாலாயிரம் குப்பியில் இருபதை மட்டும் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பதினான்கு நாள் பார்ப்பார்கள். அதுவரை மீதி எல்லாம் குளிர் அறையில் பூட்டிக் கிடக்கும்.

அப்படி ஒரு சரக்கு பூட்டிக் கிடந்த ஒன்பதாம் நாள் காலையில் குணாளன் பைக்கிலிருந்து விழுந்தான். இருபத்தெட்டு வயது. பெண் பார்த்து வைத்திருந்தோம். வெளியில் ஒரு கீறல் இல்லை. ரத்தம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த மருந்து தீர்ந்திருந்தது.

“சென்னையிலேர்ந்து வண்டி கிளம்பிடுச்சு. சாயங்காலம் வந்துடும். அதுவரை தாங்குவான்னுதான் நினைக்கிறேன்” என்றார் டாக்டர்.

“நினைக்கிறது இருக்கட்டும் சார். தாங்குவானா?”

அவர் மறுபடி சென்னைக்குப் போன் போட்டார்.

தொழிற்சாலைக்கு ஓடினேன். அங்கே மிச்சம் இருந்தது பூட்டிக் கிடந்த அந்தச் சரக்கு மட்டும்தான். மருந்தைச் சோதித்து வெளியே விடும் அதிகாரி ஜெசிந்தா. அந்த அம்மாவின் காலில் விழுந்தேன்.

“எந்திரிங்கய்யா. ஒன்பது நாளா ஒண்ணும் வளரலை, உண்மைதான். இன்னும் அஞ்சு நாள் இருக்கே. அதுக்கு முன்னால என் கையால ஒரு குப்பி வெளியே போகாது.”

“உங்க பிள்ளையா இருந்தா?”

“அப்பவும் போகாது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். துடைத்து என்ன ஆகப் போகிறது?

நான் வெளியே வந்தபோது, குளிர் அறைச் சாவி வைத்திருக்கும் பக்கிரிசாமி சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். கையில் டிபன் கேரியர்.

“மாமா, அடித் தட்டுல ஆறு குப்பி, ஐஸ் போட்டு வெச்சிருக்கேன். மேல என் பொண்டாட்டி செஞ்ச லெமன் சாதம். அவ சமையலை ஒரு தடவை தின்னு பார்த்தவன் வாட்ச்மேன், பயந்துக்கிட்டு மூடியத் தொறக்கவே மாட்டான். போங்க.”

வாங்கிக்கொண்டு நடந்தேன். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது நீராவி விடுகிற தணிகாசலம் குறுக்கே வந்து நின்றான். பக்கிரிசாமி குளிர் அறைக்குள் கேரியரோடு போய் வந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

“அண்ணே, அதைப் பிள்ளைக்குப் போடாதீங்க.”

“ஏன்டா?”

“இந்தச் சரக்கு அடைச்ச அன்னைக்கு, குழாய்க்கு ஆவி விடும்போது இருபதாவது நிமிஷத்துல அழுத்தம் விழுந்துடுச்சு. திரும்ப வந்ததும் பத்து நிமிஷம்தான் விட்டேன். மீட்டர் ரிப்பேரு. நோட்டுல முப்பதுன்னு நானே எழுதிட்டேன்.”

“எதுக்குடா?”

“ரெண்டரை மணி கம்பெனி பஸ்ஸு கிளம்பிக்கிட்டிருந்துச்சுண்ணே.”

“இருபதும் பத்தும் முப்பதுதானேடா?”

விதி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

“இல்லண்ணே” என்றான்.

அங்கிருந்து நேரே ஜெசிந்தாவிடம் போய் அதையே சொன்னான். மத்தியானத்துக்குள் அவன் வேலை போய்விட்டது. நான் கேரியரைப் பக்கிரிசாமியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சென்னை வண்டி நாலரைக்கு வந்தது. குணாளன் நாலு மணி வரைதான் தாங்கினான்.

ஐந்து நாள் கழித்து அந்த இருபது குப்பியின் சோதனை முடிந்தது. ஒன்றிலும் கிருமி இல்லை. இருந்தும் மீதி அத்தனையையும் எரித்துவிட்டார்கள்.

தர மறுத்தவள் ஒருத்தி, எடுத்துக் கொடுத்தவன் ஒருவன், தடுத்து நிறுத்தியவன் ஒருவன். இதில் யார் செய்தது சரி?

விடை: இருபது குப்பி சுத்தம் என்பதால் அந்த ஆறும் சுத்தம் என்று ஆகிவிடாது. குழாய் ஒழுங்காக வெந்திருந்தால்தான் இருபதைப் பார்த்து நாலாயிரத்தை நம்பலாம். வேகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் தணிகாசலம். ஜெசிந்தா விதியைப் பார்த்தாள், பக்கிரிசாமி என் முகத்தைப் பார்த்தான். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தணிகாசலத்தின் தப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை போகும் என்று தெரிந்தும் பேசினான். வாசலில் அவன் செய்ததுதான் சரி. ஆனால் அன்றைக்கே அந்த பஸ்ஸை விட்டுவிட்டு இன்னும் இருபது நிமிடம் நின்றிருந்தால், என் கையில் இருந்த ஆறும் நல்ல குப்பிகள். அதற்காக இன்றுவரை அவனோடு நான் பேசவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான். நான் குடிக்காமல் திரும்பிவிடுகிறேன். கேரியரைத் திருப்பிக் கொடுத்தது என் கை. அவனை மன்னித்துவிட்டால், பிறகு நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.