சருகுக்குள் சடையன்

“கூட்டி நிமிர்றதுக்குள்ள அடுத்த இலை விழுது! இந்தக் காட்டுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?”

மரங்களுக்கும் காது இருந்த முன்னொரு காலத்தில், காட்டோரக் குடிசையில் மரகதம் தினமும் போட்ட சண்டை இது. அவள் புருஷன், விறகுவெட்டி சடையன், தினமும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: “காத்தடிச்சா விழத்தானே செய்யும், மரகதம்.”

கேட்டுக் கேட்டு அலுத்ததோ, அவளுடைய இடுப்புவலியைப் பார்க்கப் பொறுக்கவில்லையோ, ஒருநாள் வாசலோரம் குவிந்த சருகுக்கு அவனே தீ வைத்தான். வந்ததே வினை! புகைக்குள்ளிருந்து காட்டு மாயக்காரி எழுந்தாள்.

“என் அரணைகளின் வீட்டையா எரித்தாய்? இனி நீயும் அரணை!”

கோடரி கீழே விழுந்தது. அதன் பக்கத்தில் விரல் நீளத்தில், பளபளவென்று ஓர் அரணை.

மரகதம் மாயக்காரியின் காலில் விழுந்தாள்.

“மூன்று முறை உன் வாசலுக்கு வருவான். உன் பேச்சுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டால் மனிதன். ஆனால் அரணையாயிற்றே! வந்த காரியம் வழியிலேயே மறந்துபோகும்,” என்று சொல்லி மறைந்தாள் அவள்.

முதல் முறை வந்தான். “என் ராசா, ஒரு வார்த்தை பேசுங்க!” வாயைத் திறந்தான். எதற்குத் திறந்தோம் என்று மறந்தான். போய்விட்டான்.

இரண்டாம் முறை வந்தான். “என் ராசா, ஒரு வார்த்தை!” வாயைத் திறப்பதற்குள் வல்லூறு பாய்ந்தது. பளிச்சென்று கூட்டி வைத்த வாசலில் ஒளிய ஓர் இலை உண்டா? வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடினான்.

துடிக்கிற வாலைப் பார்த்தாள் மரகதம். உட்கார்ந்து அழுதால் ஆகுமா? துடைப்பத்தை விட்டெறிந்தாள். காட்டுச் சருகை முந்தானை முந்தானையாக அள்ளிவந்து, தன் கையாலேயே வாசல் முழுக்கப் பரப்பினாள்.

மூன்றாம் முறை சருகு சலசலத்தது. தலையை நீட்டினான்.

“என் ராசா…”

வாயைத் திறந்தான். மறந்தான். திரும்பினான். போனால் இனி வரமாட்டான். அந்த நேரம் பார்த்து அவள் மூக்கின் மேல் பழுத்த இலை ஒன்று பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான், கெஞ்சிக் கிடந்த பொறுமை பறந்தது.

“இப்பவுமா விழுவ? இந்தக் காட்டுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?”

அரணை நின்றது. தினமும் கேட்ட குரல். தினமும் கேட்ட சண்டை.

“காத்தடிச்சா விழத்தானே செய்யும், மரகதம்.”

சருகை உதறிக்கொண்டு சடையன் எழுந்தான், முழு ஆளாக. அவன் தலைமுடியில் ஒட்டிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததை எல்லாம் வாசலிலேயே போட்டாள். பழக்கதோஷம், கை துடைப்பத்தைத் தேடியது. பாதியில் நின்றது.

சருகை நோக்கி மெல்லக் குனிந்தாள்.

“உள்ளே வேற யாரோட வீட்டுக்காரராவது இருந்தா, இப்பவே ஒரு குரல் குடுத்துடுங்க.”