புலிக்கு இட்லி கொண்டுபோன சைக்கிள்

ஒரு காட்டில் ஒரு கிழப் புலி இருந்தது. பல்லெல்லாம் கொட்டி, முன்னால் இரண்டே இரண்டு மிச்சம். அதனால் அதற்கு ஆகாரம் இட்லி.

காட்டோரத் தார் ரோட்டில் கரடியம்மாவின் இட்லிக் கடை. "காலையில் ஆவி பறக்க இட்லி வந்தால் போதும், இந்தக் காட்டில் ஒருவரையும் தொடமாட்டேன்" என்று வனதேவதை முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தது புலி. "ஆறிப்போய் வந்தால் மட்டும் கொண்டுவருகிறவரை விடமாட்டேன்" என்று ஓசைப்படாமல் சேர்த்தும் இருந்தது.

கொண்டுபோகிற வேலை மரிக்கொழுந்து என்ற சருகுமானுக்கு. சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? முயல் அளவுதான் இருக்கும். காலெல்லாம் குச்சி குச்சியாக. அந்தக் குச்சிக் கால்களால் சைக்கிள் பெடலை மிதித்தால், கால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது! பாதி வழி தார் ரோடு, பாதி வழி முள்ளுக்காடு. "வனதேவதையே, டயரைக் காப்பாத்தும்மா" என்று ஹேண்டில்பாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறும்.

தேவதையும் எத்தனை நாளைக்குத்தான் ஒரு கிழிந்த டயரைக் காப்பாற்றுவாள்? ஒருநாள் டயர் பிய்ந்து, டியூப் வெளியே நாக்கை நீட்டியது. மரிக்கொழுந்து நரி அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்கு ஓடியது.

"வா தாயி, வா! உனக்குன்னே வந்திருக்கு, வழுவழு டயர். வெண்ணெயில கத்தி போற மாதிரி போகும்."

"முள்ளு குத்துமா அண்ணாச்சி?"

"முள்ளா? நீ போற வேகத்துக்கு, முள்ளு எழுந்து நிக்கிறதுக்குள்ள தாண்டியிருப்ப!"

கடை வாசலிலேயே டயரை மாட்டி ஓட்டிப் பார்த்தது மரிக்கொழுந்து. விர்ர்ர்! தார் ரோட்டில் ஒரு வட்டம், இன்னொரு வட்டம். காது இரண்டும் காற்றில் பின்னால் மடங்க, "ஐயோ, ஐயோ, பறக்குறேனே!" என்று கத்திக்கொண்டே இன்னும் ஒரு வட்டம். வாங்கிவிட்டது.

மறுநாள் தார் ரோட்டில் காக்கைகளே பின்னால்தான் வந்தன. காட்டுக்குள் திரும்பியதும் முள்ளம்பன்றி மாமா எதிரில் வந்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு; சிரித்தால் உடம்பு குலுங்கும்; குலுங்கினால் முள் உதிரும்.

"என்னடி மரிக்கொழுந்து, உன் டயர் நூடுல்ஸ் மாதிரி இருக்கு!" என்று குலுங்கினார்.

டப்! புஸ்ஸ்ஸ்...

மரிக்கொழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, குகைக்குப் போய்ச் சேர்ந்தது. புலி ஒரு விரலால் இட்லியை அமுக்கிப் பார்த்தது. "இளஞ்சூடு. சரி, போ. இன்னைக்கு விட்டேன்." சொன்னது இட்லியைப் பற்றி, பார்த்தது மரிக்கொழுந்தின் தொடையை.

"முள்ளுதான் பிரச்சனைன்னு முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றது நரி, மரிக்கொழுந்து கடைக்குத் திரும்பி வந்ததும்.

"சொன்னேனே அண்ணாச்சி!"

"அப்படியா? கடையில ஒரே கூட்டம், காதுல விழலை."

கடையில் அன்றைக்கு இருந்ததே ஒரு ஈதான்.

இந்தத் தடவை பட்டன் டயர் வந்தது. ஒவ்வொரு பட்டனும் பன் ரொட்டி அளவு. "இதைப் பார்த்தா முள்ளே மன்னிப்புக் கேக்கும், தாயி!" கடைக்குப் பின்னால் கருவேல முள்ளைப் பரப்பி, ஏற்றி இறக்கிக் காட்டியது நரி. ஒரு முள் குத்தவில்லை. மரிக்கொழுந்து கைதட்டிக் குதித்தது.

மறுநாள் தார் ரோட்டில், கொர்ர்ர்... கொர்ர்ர்... மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் போகிற மாதிரி இருந்தது. ஆமை ஒன்று பக்கத்தில் வந்து, "இது சைக்கிளா, ஆட்டுக்கல்லா?" என்று விசாரித்துவிட்டு முன்னால் போய்விட்டது.

குகையில் புலி ஒரு இட்லியை எடுத்துப் பாறையில் போட்டது. டொக்!

"நாளைக்கும் இப்படித்தான்னா, இட்லி வேண்டாம்மா. சட்னியை மட்டும் கொண்டுவா. மீதிக்கு நீயே இருக்க."

திரும்பும் வழியில் மரிக்கொழுந்து வனதேவதையின் கல்முன் உட்கார்ந்து அழுதது. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அதற்குத் தலை தெளிவாக இருந்தது. இரண்டு டயரும் ஓடினதை எங்கே பார்த்தேன்? நரி காட்டின இடத்தில்!

எழுந்தது. நேரே கடைக்குப் போனது. அன்றைக்கு நிஜமாகவே கூட்டம். அணில்கள் தங்கள் சின்னச் சின்னச் சைக்கிள்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தன. நரி சிவப்பு டயர் ஒன்றை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தது.

"ராஜா டயர், தாயி! ரோடோ, காடோ, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"நீங்களும் ஓட்டுவீங்களா அண்ணாச்சி?"

"ஓட்டுவேனாவா? தூங்கிக்கிட்டே ஓட்டுவேன்!"

"அப்படின்னா நாளைக்குக் காலையில நீங்களே ஓட்டுங்க. நான் கேரியர்ல உட்கார்ந்து இட்லிப் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிறேன். கடை வாசல்ல இல்ல, புலி குகை வரைக்கும்."

அணில்கள் எல்லாம் "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கைதட்டின. நரியின் வால் மெல்லத் தரைக்கு இறங்கியது.

"புலி... குகைக்கா? கொஞ்சம் இரு தாயி." சிவப்பு டயரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனது. சாக்குக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒரு டயரை இழுத்து வந்தது. அதன் நடுவில், தாரில் வழுக்கிக்கொண்டு போக மழமழவென்று ஒரு பட்டை. ஓரத்தில், மண்ணைப் பிடிக்கச் சின்னச் சின்னப் பட்டன். உள்ளே முள் நுழையாதபடி கெட்டியாக ஒரு வார்.

"இதை ஏன் முதல்லயே காட்டலை?"

"இதை வித்தா நீ ரெண்டு வருஷத்துக்குக் கடைப்பக்கமே வரமாட்டியே தாயி. அதுவும் இல்லாம, இது உயிர் விஷயம்னு இப்பதானே..."

"நேத்தும் உயிர் விஷயம்தான் அண்ணாச்சி. என் உயிரு."

நரி காதைச் சொறிந்தது.

"இதையே மாட்டுங்க. ஆனா ஓட்டப்போறது நீங்கதான்" என்றது மரிக்கொழுந்து.

மறுநாள் நரி மிதிக்க, மரிக்கொழுந்து பின்னால் உட்கார, சைக்கிள் தார் ரோட்டில் உய்ங்ங் என்று பாடிக்கொண்டு போனது. ஆமையைத் தாண்டும்போது மரிக்கொழுந்து டாட்டா காட்டியது. காட்டுக்குள் திரும்பினால், முள்ளம்பன்றி மாமா!

நரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாக்கு வெளியே தொங்க மிதித்து வந்த அழகைப் பார்த்து மாமா குலுங்கினார் பாருங்கள், வழி முழுக்க முள்! நறுக், நறுக், நறுக்.

"டப்னு கேட்டுச்சா? தாயி, டப்னு கேட்டுச்சா?"

"கேட்கலை! மிதிங்க அண்ணாச்சி!"

பாத்திரத்தைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று எழும்பிப் புலியின் மீசையை நனைத்தது. புலி ஓர் இட்லியை வாயில் போட்டுக் கண்ணை மூடியது. "ஆகா!" அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"இது யாரு?"

"இட்லி ஆறியிருந்தா உங்களுக்குக் கொடுக்கலாம்னு கூட்டிட்டு வந்தேன், தாத்தா."

புலி சிரித்த சிரிப்பில், இருந்த இரண்டு பல்லில் ஒன்று சட்னியில் விழுந்தது. நரி நின்று பார்க்கவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தில், வழியில் கிடந்த முள்ளெல்லாம் அதன் காலில்தான்.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கடை திறந்த நரி, அன்றுமுதல் யார் டயர் கேட்டு வந்தாலும், முதலில் இதைத்தான் கேட்கும்: "எந்த வழியா போவீங்க, தாயி?"

நீதி: விற்கிறவர் வாசலில் ஓடுவதைப் பார்த்து வாங்காதே, நீ போகிற வழியில் அவரையே ஓட்டிக் காட்டச் சொல்.