ஆவுடையப்பன் போட்ட வேங்கைக் கதவு

ஒரு ஊர்ல ஒரு ஆசாரி இருந்தானாம், ஆவுடையப்பன்னு. கதவு செய்யிறதுல கெட்டிக்காரன். நீ "ம்" கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

வேங்கை மரம் இருக்கே, வெட்டுனா ரத்தம் மாதிரி செவப்பா வடியும். கரையான் கிட்டயே வராது. ஆனா பச்சையா அறுத்துட்டா பொல்லாதது. வெயில்ல சுருங்கும், மழையில உப்பும். அதனால வருஷக்கணக்கா நெழல்ல காயப்போட்டுத்தான் அவன் உளியையே தொடுவான். எல்லாம் ஊருக்கு! அவன் வீட்டுக்கு ஓலைத் தட்டிதான்.

அப்போ அவன் தங்கச்சி கோமதி வந்தா. நாலு பேருக்கு முன்னாடி, "ஊருக்கெல்லாம் கதவு, எங்கண்ணன் வீட்டுக்கு நாய்தான் காவல்"னு சிரிச்சா. வந்துதே அவனுக்கு ரோஷம்! "போடீ, என் வாசல்ல நிக்காதே"ன்னுட்டான். அவளும் அழுதுக்கிட்டே போயிட்டா.

அப்புறம் என்ன பண்ணான், கோடையில பச்சை வேங்கையை வெட்டி, காயவிடாம கதவு போட்டுட்டான். வெயில்ல அது சுருங்கி இடுக்கு விழுந்துது. பொறுக்கணுமா இல்லையா? இடுக்கை அடைக்க ஒரு மரச்சட்டத்தை வச்சு ஆணி அறைஞ்சான். தெரிஞ்சவனே இப்படிப் பண்ணா யாரைச் சொல்ல?

அப்புறம் ஐப்பசி மழை. சோ...ன்னு கொட்டுது. கதவு தண்ணியைக் குடிச்சு உப்பி, நிலையோட இறுகிக்கிச்சு. ஜன்னலும் இல்லாத வீடு. அப்போ பார்த்து, டொக் டொக் டொக்!

"அண்ணே, நான்தான்."

கோமதி! புருஷன் வீட்டுல தடுத்தும் கேக்காம, அதிரசத் தூக்கோட வந்து நிக்கிறா. இன்னைக்கும் அண்ணன் முகம் கொடுக்கலைன்னா இனி இந்த வாசலை மிதிக்கிறதில்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் வந்தா.

"இந்தா வந்துட்டேன் தாயி!"ன்னு இழுத்தான். அசையலை. மழை இன்னும் வலுத்துது, அவன் குரலும் வெளிய கேக்கலை. அப்புறம் கொட்டாப்புளிங்கிற மரச் சுத்தியலால நிலையை டமார் டமார்னு அடிச்சான். ம்ஹூம். அப்புறம் மரம் செதுக்குற வாச்சியை எடுத்துக் கொத்துனான். வேங்கையாச்சே, வாச்சி வாய்தான் மழுங்குச்சு.

வெளிய நின்னவளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுது. நான் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், இவன் உள்ள மரவேலை பார்க்கிறானேன்னு போயிட்டா. எனக்கு இந்த இடம் வந்தாலே மனசு தாங்காது. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

கடைசியில கூரை ஓட்டைப் பிரிச்சு வெளிய இறங்கி, அவ வீட்டுக்கே ஓடுனான். "கதவு உப்பிக்கிச்சு கோமு, திறக்க முடியலை"ன்னான்.

"ஊருக்கே கதவு செய்யிற ஆசாரி வீட்டுக் கதவு திறக்கலைன்னா, யாருண்ணே நம்புவா?"

சொல்லிட்டு அவ கதவைச் சாத்துனா. அவ கல்யாணத்துக்கு இவனே பார்த்துப் பார்த்துச் செஞ்ச வேங்கைக் கதவு அது. துளி சத்தமில்லாம மூடிக்கிச்சு.

அவ்ளோதான் கதை. போர்த்திக்கிட்டுக் கண்ணை மூடு.