தூக்கி வைத்து அளந்த சக்கரம்

கோவையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு சாரதாமணியின் பட்டறை தெரியும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அலாய் வீல் வாங்கி மாட்டிவிட்டு, டயர் உரச ஆரம்பித்ததும் அவளிடம் ஓடி வருவார்கள். விவரமானவர்கள் வாங்குவதற்கு முன்பே வருவார்கள். அளந்து பார்த்து அவள் இரண்டு எண்களைச் சொல்வாள்.

ஒன்று வீலின் அகலம். இன்னொன்று ஆஃப்செட். அந்த அகலத்தில் எவ்வளவு வண்டிக்கு உள்பக்கம் போகும், எவ்வளவு வெளியே வரும் என்பது அதில் இருக்கிறது. உள்ளே அதிகம் போனால் ஷாக் அப்சார்பரில் இடிக்கும். வெளியே அதிகம் வந்தால் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் தகடு டயரை அறுக்கும். நடுவில் கிடைக்கிற இடம் சில மில்லிமீட்டர்தான்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்றவர்கள் இரண்டு பேர். அங்குராஜ் அவளைவிட எட்டு வயது மூத்தவன். டயர் கடை வேலையை விட்டுவிட்டு வந்து பதினோரு வருடம் ஆயிற்று. இர்ஃபான் செல்ஃபோன் கடையை மூடிவிட்டு வந்து இரண்டு வருடம்.

இர்ஃபான் வரும்வரை அங்குராஜுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் வந்த பிறகு எல்லாமே குறையாகத் தெரிந்தது. அவனை அவள் "டேய்" என்று கூப்பிடுவாள், தலையில் தட்டுவாள். அங்குராஜை "வாங்கண்ணா, சொல்லுங்கண்ணா" என்பாள். அந்த மரியாதை தன்னை வாசலிலேயே உட்கார வைப்பதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. இர்ஃபான் ஏதாவது சொல்லி அவள் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு அங்குராஜுக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை பல் மருத்துவர் நப்பின்னை தன் சிவப்பு இரண்டு சீட்டர் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின் சக்கரம் அகலமாக வேண்டும் என்றாள்.

"எட்டு இஞ்சு இருக்குது. எவ்வளவு தூரம் போலாம்னு பார்த்துச் சொல்லுங்க. மலையேறும்போது இன்னும் கொஞ்சம் பிடிமானம் இருந்தா நல்லா இருக்கும்."

அங்குராஜ் அளவு டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். இப்படி ஒரு வண்டி வருவது அபூர்வம்.

"டேய் இர்ஃபான், இதை நீ அளந்துடு," என்றாள் சாரதாமணி. அவளுக்கு வேறொரு வண்டியின் அலைன்மென்ட் வேலை பாதியில் நின்றது.

அங்குராஜ் டேப்பை எடுத்து நீட்டினான். இர்ஃபான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். அந்த நன்றிதான் அங்குராஜுக்கு அதிகமாக எரிந்தது.

இர்ஃபான் காரை லிஃப்டில் ஏற்றினான். வீலைக் கழற்றினான், இடைவெளிகளை அளந்தான், திரும்ப மாட்டினான், மறுபடி அளந்தான். கார் அந்தரத்திலேயே இருந்தது. சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்குராஜ் பார்த்தான். தொங்கும் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருப்பது உண்மையான இடைவெளி இல்லை. காரைத் தரையில் இறக்கி, ஆளை உட்கார வைத்து, எடை ஏறி சஸ்பென்ஷன் ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் ஃபெண்டருக்குள் ஏறிய பிறகு அளக்க வேண்டும்.

'இப்போது இறக்குவான்' என்று காத்திருந்தான். இர்ஃபான் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான்.

அங்குராஜ் டீ குடிக்கப் போய்விட்டான். பல நாளுக்குப் பிறகு டீ இனித்தது.

சாயங்காலம் சாரதாமணி தாளைப் பார்த்தாள். ஒன்பதரை அங்குலம், ஆஃப்செட் முப்பத்தெட்டு.

"ஒன்பதரையா? கொஞ்சம் தாராளமா இருக்குதே. அண்ணா, இவன் அளக்கும்போது பக்கத்துல இருந்தீங்களா?"

"டயர் மாத்திட்டு இருந்தேனுங்க மேடம். கவனிக்கல."

அவள் இர்ஃபானைப் பார்த்தாள். அவன் இரண்டு தடவை அளந்ததாகச் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீல்கள் வருவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. சில நாள் காலையில் சொல்லிவிடலாம் என்று அங்குராஜ் கிளம்பி வருவான். உள்ளே இர்ஃபான் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பான், அவள் தாளில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பாள். தனக்கு அவள் படம் போட்டுக் காட்டி எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்ப்பான். சொல்லாமலே தன் வேலைக்குத் திரும்பிவிடுவான். மாட்டும்போது உரசும், இர்ஃபான் தலைகுனிந்து நிற்பான், அவ்வளவுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வான்.

மாட்டும்போது உரசவில்லை. தெருவைச் சுற்றி வந்தபோதும் உரசவில்லை. நப்பின்னை காரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு இர்ஃபானின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வால்பாறைக்குப் போனாள். ஏழாவது வளைவில் பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தபோது ஃபெண்டர் விளிம்பு பின் டயரைக் கிழித்தது. கார் சுழன்று கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. சுவர் இருந்ததால் உயிர் பிழைத்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவள் பல் பிடுங்கும் கை அது.

திங்கட்கிழமை காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

"லிஃப்டுல வச்சே அளந்துட்டேன்க்கா. இறக்கி அளக்கணும்னு எனக்குத் தோணல," என்று இர்ஃபான் அழுதான்.

சாரதாமணி அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையெழுத்துப் போட்டவள் நான், தப்பு என்னுடையது என்று நப்பின்னையிடம் சொல்லிவிட்டு வந்தாள். வந்து, கிழிந்த டயரின் பக்கத்தில் அவனை உட்கார வைத்து, எந்த இடத்தில் விளிம்பு பட்டது, ஏன் பட்டது என்று விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தாள்.

அங்குராஜ் தள்ளி நின்று பார்த்தான். ஒரு பெண்ணின் கையை உடைத்துவிட்டு வந்தவனுக்கு மறுபடியும் பாடம் நடக்கிறது. அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கண்ணா."

"பதினோரு வருஷமா இருக்கேன். இந்த வண்டியை ஏன் எங்கிட்ட குடுக்கல?"

அவள் எழுந்தாள். அளவு டேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்து, அடிபடாத பக்கத்துப் பின் சக்கரத்தைக் காட்டினாள்.

அங்குராஜ் வேலையைத் தொடங்கினான். பட்டறையில் எடுத்து வைத்திருந்த பழைய வீலை மாட்டினான். காரைத் தரையில் இறக்கினான். இரண்டு சீட்டிலும் மணல் மூட்டை வைத்தான். பின்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டு சஸ்பென்ஷனைப் படிய வைத்தான். உள்ளே அளந்தான், வெளியே அளந்தான். இர்ஃபான்கூட அழுகையை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்பது இஞ்சு. ஆஃப்செட் நாப்பத்திரண்டு. அதுக்கு மேல ஒரு நூல்கூட போகக் கூடாது."

சாரதாமணி டேப்பை வாங்கிச் சரிபார்க்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"ரொம்பச் சரிங்ணா. இதைவிட நல்லா என்னாலயும் அளக்க முடியாது."

பதினோரு வருடத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. அங்குராஜுக்கு நெஞ்சு விம்மியது. இர்ஃபான் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"இவன் லிஃப்டுல வச்சு அளந்துட்டு இருந்தப்பவே எனக்குத் தெரியுமுங்க மேடம். அந்த நிமிஷமே தெரியும், இது ஃபெண்டர்ல அறுக்கும்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது.

சாரதாமணி பேனாவை மூடினாள். கோபப்படவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"இவனுக்குத் தெரியாதத நான் சொல்லிக் குடுத்துருவேனுங்ணா. தெரிஞ்சிருந்த உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கட்டும்?"